சாதனைப் பட்டியலில் தமிழுக்கு ஒரு வரி

1995 அக்டோபர் 27ஆம் தேதி, அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்க் கவிஞர்கள் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எழுதிய கவிதைகள் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அதில் இருந்தன. உலக வலையில் தமிழ் எழுத்து முதன்முதலாக ஏறியது அந்தப் பக்கங்களில்தான் என்று தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் குறிக்கிறார்கள். கோடிக்கணக்கான தமிழர் வாழும் நிலத்தில் நடக்காத ஒன்று, தேக்காவிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவில் நடந்தது.

அதைச் செய்தவர்கள் யார்? நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். சிறுகதைகளும் நாவலும் எழுதியவர். டான் டின் வீ, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்தவர். அங்கே இணைய ஆய்வு, மேம்பாட்டுப் பிரிவை நடத்தியவர். லியோங் கோக் யோங், அந்தப் பிரிவில் கணினி வேலையைத் தோளில் சுமந்தவர். ஒரு கதாசிரியர், ஒரு விஞ்ஞானி, ஒரு பொறியாளர். மூவரில் தமிழர் ஒருவர்தான்.

அந்த நாளில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்குத் தெரியும், ஒருவர் தட்டியது மற்றவர் திரையில் கோணல்மாணல் குறிகளாகத்தான் விழும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற பெயரில் ஒரு முறையை உருவாக்கி அதை வலைக்குக் கொண்டுபோனார். இன்று நாம் யோசிக்காமல் சொல்லும் ‘இணையம்’ என்ற சொல்லும் அவர் தந்ததே. 1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழிணையம் மாநாடு கூடியது. எழுத்துக் குறியீடும் விசைப்பலகையும் ஒன்றாக வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்தது. இரண்டே ஆண்டுகளில், 1999 பிப்ரவரியில், அடுத்த மாநாடு சென்னையில் கூடி ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்றது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். 2000 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல்தொழில்நுட்ப மன்றம் பிறந்ததை அவர் பார்க்கவில்லை. டான் டின் வீயோ, ஆங்கிலமல்லாத எழுத்துகளில் இணைய முகவரி அமைக்கும் வழியைத் தேடிப் போனார். 2012இல் இணையப் புகழரங்கம் முதன்முறை உறுப்பினர்களைத் தேர்ந்தபோது அவர் பெயரும் அதில் இருந்தது. ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் முகவரி இன்று நம் நாட்டுக்கு உண்டு.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் உயர்கல்விக் கழகங்கள் தங்கள் பேராசிரியர்களும் மாணவர்களும் ஊழியர்களும் பெற்ற சிறப்புகளைத் தொகுத்து அவ்வப்போது அறிவிக்கின்றன. ஆய்விதழில் வந்த கட்டுரை, வென்ற ஆராய்ச்சி நிதி, அனைத்துலகப் போட்டியில் கிடைத்த பதக்கம், நீண்டகாலச் சேவை விருது. அவற்றில் நம் பிள்ளைகளின் பெயர் வரும்போது பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதே. ஆனால் கோவிந்தசாமியின் கணியனை அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? அது ஆய்விதழ்க் கட்டுரை ஆகாது. காப்புரிமையோ பதக்கமோ ஆகாது. ஒரு மொழி முழுவதற்கும் கதவு திறந்துவிட்ட வேலைக்குப் பட்டியலில் ஒரு கட்டம் கிடையாது.

பல்கலைக்கழகங்கள் தமிழில் செய்யப்படும் பணியையும், தமிழுக்காகச் செய்யப்படும் பணியையும் கல்விச் சாதனையாகவே எண்ண வேண்டும் என்கிறோம். பதவி உயர்வுக் கோப்பில் எண்ண வேண்டும். ஆண்டறிக்கையில் எண்ண வேண்டும். சமூகத் தொண்டு என்ற ஓரத்துக் கட்டத்தில் தள்ளிவிடுவது போதாது.

தமிழ் இந்த ஊரின் உயர்கல்விக்குள் நுழைந்ததே ஒரு போராட்டத்தின் வழியாகத்தான். 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் உருவானது. அங்கே இந்தியவியல் துறை அமைப்பது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அதில் தலைமை மொழி எது, தமிழா சமஸ்கிருதமா என்ற கேள்வியும் எழுந்தது. தமிழ்தான் என்று உரக்கச் சொன்னவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய அவர், தம் ஏட்டின் பக்கங்களை அந்த வாதத்துக்குத் திறந்துவிட்டார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரண்டது. செல்வர் மட்டும் தந்த நிதியன்று அது. உழைக்கும் மக்கள் தங்கள் கூலியிலிருந்து எடுத்துத் தந்தது. பல்கலைக்கழக வாசலை மிதித்தே இராதவர்கள், பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று காசு கொடுத்தார்கள். 1956இல் துறை தமிழோடு தொடங்கியது. மூன்றாண்டுகளில் அது கோலாலம்பூருக்குப் போய்விட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் புக்கிட் தீமா வளாகத்துக்குப் பின்னாளில் தேசியக் கல்விக் கழகம் குடிவந்தது. 2000 வரை அங்கேதான் இருந்தது. கோவிந்தசாமி தமிழை வலையில் ஏற்றியபோது அவருடைய பணியிடம் அந்த வளாகமே. சாரங்கபாணியின் வாசகர்கள் தமிழுக்கு இடம் கேட்ட அதே வளாகம். இதைத் தற்செயல் என்று சொல்லிக் கடந்துவிட எமக்கு மனம் வரவில்லை.

இன்றும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. தேசியக் கல்விக் கழகத்தின் சீதாலட்சுமி, தரமான பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவருவது பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவருகிறார். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழுவும் பேச்சுத் தமிழுக்கு இடம் தரவே பரிந்துரைத்தது. இதன் அருமையை எண்கள் சொல்லும். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்ன இந்தியர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடு. 2020இல் 27.9 விழுக்காடு. பாட்டி வீட்டில் பேசிய தமிழைப் பிள்ளை இனிப் பள்ளியில்தான் கேட்கப்போகிறது என்றால், அதை எப்படிக் கற்பிப்பது என்ற ஆராய்ச்சி ஒரு சமூகத்தின் உயிர்ப்பிரச்சினை. அந்த ஆராய்ச்சியின் பயனைச் செங்காங்கில் ஓர் ஆசிரியர் மறுநாள் வகுப்பில் பயன்படுத்துவார். அதை மேற்கோள் காட்ட ஆய்விதழில் யாரும் இல்லாமல் போகலாம். மேற்கோள் குறைவு என்பதால் பயன் குறைவு என்றாகிவிடுமா?

கிளமெண்டி சாலையில் உள்ள சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். சிம் பல்கலைக்கழகமாக இருந்த காலத்திலிருந்தே அது தமிழ் மொழி, இலக்கியத்தில் பட்டக்கல்வி வழங்கிவருகிறது. சுப. திண்ணப்பன் போன்ற மூத்த அறிஞர்கள் அங்கே கற்பித்திருக்கிறார்கள். பகுதிநேரமாகப் படிப்பவர்கள் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவர்கள். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவில் சங்க இலக்கியத்துக்கு உரை தேடும் ஒரு தாய் பட்டம் பெறும்போது, அது எந்தப் பதக்கத்துக்கும் இளைத்ததன்று.

மாணவர்கள் இன்னொரு வகை. தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை ‘சங்கே முழங்கு’ என்ற மேடைப் படைப்பை ஆண்டுகள் பலவாக நடத்திவருகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கிய மன்றம் இருக்கிறது. இவற்றில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் பொறியியலும் மருத்துவமும் கணக்கியலும் படிப்பவர்கள். மதிப்பெண் இல்லை, வருகைப் பதிவு இல்லை. தேர்வுக்கு நடுவே வசனம் எழுதுகிறார்கள், ஒளி அமைக்கிறார்கள், சீட்டு விற்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியோடும் தொடக்கக் கல்லூரியோடும் தமிழ்ப் பாடம் முடிந்துவிட்ட பிறகும் தமிழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தலைமுறை இவர்கள்தாம். நாடக அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: உச்சரிப்பு சில இடங்களில் தடுக்கும், உணர்ச்சி தடுக்காது.

ஊழியர்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நூலகத்தில் தமிழ்த் தலைப்பைச் சரியான எழுத்தில் பட்டியலிடுபவர், பழைய ஏட்டை மின்படியாக்குபவர், எழுத்துருச் சிக்கலைத் தீர்க்கும் கணினிப் பிரிவினர். 2015இல், நாட்டின் பொன்விழா ஆண்டில், சுதந்திரத்துக்குப் பின் இங்கு வெளிவந்த ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்கள் மின்மயமாகித் தேசிய நூலக வாரியத்தின் வழி மக்களுக்குக் கிடைத்தன. கொள்கை ஆய்வுக் கழகத்தின் அருண் மகிழ்நன் முன்னின்று ஒருங்கிணைத்த அந்த முயற்சியில் தொண்டூழியர்களும் நூலக ஊழியர்களும் சேர்ந்து உழைத்தார்கள். ஒவ்வொரு நூலையும் தேடிப் பிடித்து, எழுத்தாளரிடமோ அவர் குடும்பத்திடமோ அனுமதி வாங்கி, பக்கம் பக்கமாகப் படியெடுத்து, பிழை பார்க்க வேண்டும். 2025இல் சிங்கப்பூர்த் தமிழர் கலைக்களஞ்சியம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் வந்ததற்குப் பின்னாலும் இதே அருண் மகிழ்நன், இதே வகை உழைப்பு. நாளை நம்மைப் பற்றி ஆய்வு செய்ய வருபவர் எவராயினும் இந்தக் கைகள் அடுக்கிவைத்த கற்களின்மேல்தான் நிற்பார்.

இதற்கு எழக்கூடிய மறுப்பை நாம் அறிவோம். பல்கலைக்கழகம் உலகத்தோடு போட்டி போடுகிறது. அளக்கப் பொதுவான கோல் வேண்டும் என்பார்கள். கியூஎஸ் தரவரிசையில் நம் தேசியப் பல்கலைக்கழகம் 8ஆம் இடத்தில் நிற்பது எளிதில் கிடைத்ததன்று. அந்த இடம் நாட்டுக்கு நன்மை தருவது. ஆனால் அந்தத் தரவரிசை மேற்கோள்களை எண்ணுவது ஸ்கோப்பஸ் தரவுத்தளத்திலிருந்து. அதில் ஆங்கில ஆய்விதழ்களே மிகப் பெரும்பான்மை. தமிழில் எழுதப்பட்ட இலக்கண நூலும் அகராதியும் பாடநூலும் அந்தத் தராசில் ஏறுவது அரிது. தராசின் குறையைச் சரக்கின் குறையாக எண்ணிவிடக் கூடாது.

இதைச் சொல்வது நாம் மட்டும் அல்லோம். ஆய்வை அளக்கும் முறை பற்றி 2015இல் வந்த லைடன் அறிக்கை, அந்தந்த மண்ணுக்கு ஏற்ற ஆராய்ச்சியின் சிறப்பைக் காக்க வேண்டும் என்றது. 2019இல் ஹெல்சிங்கியில் கையெழுத்துக்கு வந்த முன்முயற்சி, தாய்மொழியில் செய்யும் ஆய்வையும் மதிப்பீட்டில் ஒப்ப வைக்கச் சொன்னது. பின்லாந்து மொழி பேசுவோர் ஏறக்குறைய 50 லட்சம் பேர்தான். அவர்களுக்கு இந்தக் கவலை இருக்கலாமென்றால் நமக்கு ஏன் கூடாது?

தமிழில் எழுதியதை மதிப்பிட யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் தூரத்தில் இல்லை. கடற்பாலத்தைக் கடந்தால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறை. அதற்கப்பால் யாழ்ப்பாணம், சென்னை, தஞ்சாவூர், பெர்க்லி. இந்த ஊர்களின் அறிஞர்களைக் கொண்டு ஒரு மதிப்பீட்டுக் குழு அமைக்கக் கல்வி அமைச்சும் பல்கலைக்கழகங்களும் மனம் வைத்தால் போதும். தரத்தில் தளர்வு வேண்டும் என்று நாம் கேட்கவே இல்லை. கடுமையாகவே பாருங்கள், தமிழ் படிக்கத் தெரிந்தவர் பார்க்கட்டும்.

நம் சமூகத்திடமும் ஒரு வார்த்தை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. 2018இல் உலகத் தமிழர் அதைத் திரட்டி முடித்தார்கள். நல்ல காரியம். ஆனால் இந்த ஊரில் தமிழ் ஆய்வு மாணவர் ஒருவரின் நூல் வெளியீட்டுக்கு எத்தனை பேர் போகிறோம்? ‘ஏ’ தேர்ச்சி எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளக் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது, பிள்ளை கல்லூரியில் என்ன எழுதுகிறது என்று கேட்பதில் காட்டுகிறோமா? தமிழ் எங்கள் உயிர் நிதிக்குக் கொடுத்தவர்கள் ரசீதைவிடப் பெரிய உரிமை ஒன்றை நமக்கு விட்டுப்போயிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் எங்களுக்கும் உரியது, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்போம் என்ற உரிமை அது.

அந்த உரிமையோடு கேட்கிறோம். உயர்கல்விக் கழகங்கள் அடுத்து வெளியிடும் சாதனை அறிக்கையில் தமிழ்ப் பணிக்கென ஒரு பகுதி இருக்கட்டும். பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில், அந்த வேலையைச் செய்த நூலக ஊழியர், கணினிப் பொறியாளர் பெயரும் இருக்கட்டும். அந்தப் பகுதி தமிழிலும் அச்சாகட்டும். தன் மகள் என்ன சாதித்தாள் என்பதைச் சிராங்கூன் சாலையில் பூக்கடை வைத்திருக்கும் தாய் தானே படித்துக்கொள்ளட்டும். ஏப்ரலில் தமிழ் மொழி விழா வருகிறது. அதற்குள் இதைத் தொடங்க முடியும்.

நம் பங்குக்கு, இந்தப் பக்கத்தில் வாரம் ஒரு கட்டம் ஒதுக்குகிறோம். தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங்கிலோ சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலோ தமிழுக்காக உழைப்பவர் எவரையேனும் உங்களுக்குத் தெரிந்தால், அவர் என்ன செய்தார் என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். அவர் சம்மதத்தோடு வெளியிடுவோம்.