பாட்டுக்குள் எங்கள் வாவி எங்கே?

1982இல் பிரித்தானிய இசைக்குழு டுரான் டுரான், 'சேவ் எ ப்ரேயர்' பாடலை இலங்கையில் படமாக்கியது. அதில் தெரிவது சிகிரியாவும் பொலன்னறுவைச் சிதைவுகளும். அது வெளிநாட்டார் பார்வை. ஆனால் நம்மவர் எடுத்து நான் பார்த்த நாட்டுப் பாடல்களிலும் சிகிரியா, தேயிலை மலை, கொழும்புத் தாமரைக் கோபுரம்தான். மட்டக்களப்பு வந்தால் கல்லடிப் பாலத்து அந்திச் சூரியனோடு சரி.

சுபஹ் தொழுதுவிட்டு வாவியில் வலை வீசும் என் வாப்பாவும், காத்தான்குடி வீதியின் பேரீச்சை மரங்களும் அவற்றில் இல்லை. சென்ற வருடம் கொழும்பில் என் அபாயாவைப் பார்த்த ஒருவர், "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டார். அவரை நொந்து பயனில்லை. எந்தப் பாட்டிலும் எங்களைக் காணாதவருக்கு எப்படித் தெரியும்?

தோழியரே, கைபேசி நம் கையிலும் உண்டு. அடுத்த பாட்டை வாவிக்கரையில் எடுப்போம். அழகை மட்டுமல்ல, வலை இழுக்கும் கைகளையும் காட்டுவோம். இதுவும் இலங்கைதான்.