எண்ணிக்கை யாருக்குச் சாட்சி?

மலையகத் தோட்டங்களில் வறுமை குறைந்ததா, கூடியதா? தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குகளைப் பாருங்கள். 2006/07ஆம் ஆண்டில் தோட்ட மக்களில் நூற்றுக்கு 32 பேர் வறியவர். 2009/10இல் அத்தொகை 11.4. 2019இல் 33.8. முதலிரு எண்களைக் கையிலெடுத்தவர், "எம் முயற்சியால் வறுமை ஓடி ஒளிந்தது" என்று முரசறையலாம். பின்னிரு எண்களை எடுத்தவர், "வறுமை மும்மடங்காயிற்று" என்று ஓலமிடலாம். மூன்றும் அரசாங்க ஏட்டிலுள்ள எண்களே. ஆயினும் பூனாகலையில் கொழுந்துக் கூடை சுமந்து மலையேறும் தாயின் வாழ்வு எவ்வளவு மாறிற்று, எதனால் மாறிற்று என்பதை இவ்விருவருமே கூறவில்லை.

எண்ணைப் பொய்யென்று தள்ளுவது அறிவுடைமையன்று. அதை அப்படியே விழுங்குவதும் அறிவுடைமையன்று. சாட்சியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்வதுபோல எண்ணையும் விசாரிக்க வேண்டும்.

உழவர்க்கு இது புதிதன்று. புதிய உரத்தை நல்ல மண்ணுள்ள வயலுக்கே இட்டுவிட்டு, விளைச்சல் பெருகியது உரத்தாலேதான் என்று ஒருவன் கூறினால் அவர் நகைப்பர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆர். ஏ. பிஷர் 1920களில் இதற்கு ஒரு வழி கண்டார். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதைத் திருவுளச்சீட்டிடம் விட்டார். மண்ணின் குணமும் உழவனின் விருப்பமும் இரு பக்கமும் சமமாகப் பரவும். எஞ்சும் வேற்றுமை உரத்தின் வேலை எனத் துணியலாம்.

தேயிலைச் செடிக்குச் சீட்டுப் போடலாம். மனிதருக்கு? இக்குழந்தை லயத்திலும் அக்குழந்தை மாளிகையிலும் வளர்க என்று எவரும் சீட்டெடுக்க முடியாது. வாழ்க்கை தானே கலைத்துப் போட்ட சீட்டுகளைக் கொண்டுதான் காரணத்தைக் கண்டறிய வேண்டியிருக்கிறது. அது கடினமான பணி. அதற்குச் சிறந்த பாடம் நம் நாட்டிலேயே உண்டு.

1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. போர் முடிந்தபின் வீடு வீடாக டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு விகிதம் 1947இல் ஏறத்தாழ 14ஆக இறங்கியது. மருந்தின் மாயம் என்று உலகமே வியந்தது. ஆனால், ஆய்வாளர் மீகம 1967இல் ஒரு கேள்வி எழுப்பினார்: மலேரியாவே இல்லாத பகுதிகளிலும் இறப்பு குறைந்ததே, அங்கே எந்த நுளம்பு செத்தது?

நம் ஊவா மாகாணத்தை நினைத்துப் பாருங்கள். பூனாகலையின் குளிர்ந்த மலையிலிருந்து கொஸ்லாந்தை வழியே இறங்கினால் வெல்லவாயச் சமவெளி. கீழே மலேரியாவின் பழைய கோட்டை. மேலே அந்நுளம்புக்கு ஏற்காத குளிர். மருந்து ஒன்றே காரணமெனின் மரணம் கீழேதான் குறைந்திருக்க வேண்டும். நாடெங்கும் குறைந்ததென்றால் போர் முடிந்து உணவு பெருகியதும், மருத்துவமனைகள் பரவியதும், புதிய மருந்துகள் வந்ததும் கணக்கில் சேரவேண்டுமன்றோ? எனினும் மலேரியாப் பகுதிகளில் இறப்பு மிகுதியாகக் குறைந்ததால் மருந்துக்கும் உரிய பங்குண்டு. நியூமன் என்பார் 1965இல் அப்பங்கை ஐந்தில் இரண்டு என மதித்தார். கிரே என்பார் 1974இல் நான்கிலொன்றுக்கும் சற்றுக் குறைவே என்றார். ஒரே நாடு, ஒரே நிகழ்ச்சி. ஒப்பிடும் முறை வேறானதால் விடையும் வேறாயிற்று.

இவ்வளவுகோலை நம் மூன்று எண்களின்மேல் வைப்போம். 32 என்பது 11.4 ஆன காலத்தில் நாட்கூலி உயர்ந்தது, போர் முடிந்தது, இளைஞர் பலர் கொழும்புக்குப் பிழைக்கச் சென்று வீட்டுக்குப் பணம் அனுப்பினர். இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டாமல் புகழைத் தன் தோளில் ஏற்றிக்கொள்பவன் பிறர் அறுவடையைத் தன் களஞ்சியத்தில் கொட்டுகிறான். பின்னர் 11.4 என்பது 33.8 ஆனதோ, பெரிதும் அளவுகோல் மாறியதன் விளைவு. வறுமைக்கோடே புதிதாக வரையப்பட்டது. படி மாறியபின் நெல் கூடியது, குறைந்தது என்று வாதிடுவதில் பொருளில்லை.

இதைவிடக் கொடிது ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டின் ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறத்தாழ 17. தோட்டங்களில் ஏறத்தாழ 32. உடனே, "தோட்டத்துத் தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது" என்று தீர்ப்பு எழுதுவோர் உளர். அதே வருவாய், அதே படிப்பு, அதே குடிநீர், மருத்துவமனைக்கு அதே தொலைவு உடைய கிராமத்துத் தாயோடு அவளை ஒப்பிட்டார்களா? ஒப்பிட்டபின் இடைவெளி சுருங்குமாயின் குற்றம் தாயினுடையதன்று, கூலியினுடையது, லயத்தினுடையது. ஒப்பிடாமல் தீர்ப்பு எழுதுவது அறிவியலன்று, அவமதிப்பு.

ஆகவே அரசை நாம் கேட்பவை சில. தோட்டக் கணக்கை மாவட்ட வாரியாகவும் உயர்நிலம், தாழ்நிலம் எனப் பிரித்தும் வெளியிடுக. அளவுகோல் மாறும்போது பழைய ஆண்டுகளையும் புதிய கோலால் அளந்து அருகருகே அச்சிடுக. அதே குடும்பங்களை ஆண்டுதோறும் தொடர்ந்து ஆராய்க. வீடமைப்பில், 2014இல் மீரியபெத்தையிலும் 2023இல் பூனாகலைக் கபரகலையிலும் மண் சரிந்ததை மறவாமல், இடர் மிக்க லயங்களுக்கு முதலிடம் தருக. அதில் சீட்டுக்கு இடமில்லை. எஞ்சியோர்க்குள் தேவை சமமாகவும் பணம் குறைவாகவும் இருப்பின் முறையைப் பகிரங்கச் சீட்டால் வகுக்குக. சலுகைக்கு வழியடைபடும்; புதுவீடு குழந்தையின் உடல்நலத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்பதும் ஐயமின்றி விளங்கும்.

ஊவாவின் ஆசிரியர்களே, மருத்துவர்களே, படித்த இளைஞர்களே! நாளை ஒருவர் மேடையேறி எண்ணொன்றை வீசினால் கைதட்டுமுன் மூன்று கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டீர்? அக்காலத்தில் வேறென்ன மாறிற்று? அளந்த கோல் அதேதானா? இம்மூன்றுக்கும் விடையில்லாத எண், எத்துணைப் பெரிதாயினும், நம் மக்களுக்குச் சாட்சியாகாது.