மற்றும் குழுவினர்



போன வருஷத்து ஆண்டு விழா அழைப்பிதழை யாராவது பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? நான் வைத்திருக்கிறேன். இன்னிசை நிகழ்ச்சி என்ற தலைப்புக்குக் கீழே பாடிய நண்பனின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில் இரண்டே வார்த்தை: 'மற்றும் குழுவினர்'.

யார் அந்தக் குழுவினர்? கீபோர்டு ஒருவன், கிடார் ஒருவன், தபேலா ஒருவன், ரிதம் பேட் அடியேன். நான்கு பேருக்கும் அப்பா அம்மா பெயர் வைத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டில் இருக்கிறது, அட்டெண்டன்ஸில் இருக்கிறது. அழைப்பிதழில் மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டது.

"பேர் வரலைன்னு புலம்புறான்டா" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் அன்று மேடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பாடகனுக்கு அன்று காலையிலிருந்தே தொண்டை கட்டு. முதல் சரணத்தில் மேல் ஸ்தாயி போகும்போதே குரல் பிசிறடித்தது. இரண்டாவது இடையிசை வந்ததும் கீபோர்டு நண்பன் எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். இடையிசையை இரண்டு சுற்று நீட்டி, அதற்குள்ளேயே அரைக் கட்டை இறக்கி, பாடகனைப் புது சுருதியில் பூப்போல இறக்கிவிட்டான். மிச்சப் பாட்டு அருமையாகப் போனது. விசில் பறந்தது. கைதட்டல் யாருக்கு? சொல்லவே வேண்டாம்.

இந்த வருஷம் ரிகர்சலுக்குக் கூப்பிட்டபோது அவன் சொன்னான்: "நான் வரலடா. 'மற்றும் குழுவினர்'ல ஒரு ஆள் குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?" அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்கு விதை.

நம்ம காஞ்சிபுரத்தில் ஒரு ஃபுல் பெஞ்ச்

பெரிய பாட்டுக்காரர் என்றால் எல்லாம் அவருடைய தனித்திறமை என்றுதான் நாம் நினைக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களால் அவருடைய பாணியே உருவாகும் என்று சொன்னால் நம்ப மாட்டோம். இதற்கு வெளியூர் சாட்சி வேண்டாம். நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் காஞ்சிபுரம். அங்கே வாழ்ந்தவர் நாயனாப் பிள்ளை (1889-1934).

அவருடைய கச்சேரிக்கு அந்தக் காலத்தில் 'ஃபுல் பெஞ்ச்' என்றே பெயர். ஹைகோர்ட்டில் பல நீதிபதிகள் சேர்ந்து உட்காருவது மாதிரி! வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், போதாததற்கு வாயாலேயே ஜதி சொல்லும் கொன்னக்கோல். உட்கார்ந்த ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வயலினில் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, தாளத்தில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளை என்று ஜாம்பவான்கள். தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் குரு மாமுண்டியா பிள்ளைதான் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட பரம்பரை.

இப்போது யோசித்துப் பாருங்கள். இத்தனை தாள வாத்தியங்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் இருப்பவர் எப்படிப் பாட முடியும்? கண்ணை மூடிக்கொண்டு ஏனோதானோவென்று இழுக்க முடியுமா? ஒரு அட்சரம் தவறினால் ஆறு பேருக்குத் தெரிந்துவிடும். கணக்கு இரும்பு மாதிரி நிற்க வேண்டும். நாயனாப் பிள்ளை லயத்தில் சிங்கம் என்று பெயர் எடுத்தார். கடினமான தாளங்களில் அமைந்த திருப்புகழையும் சிக்கலான பல்லவிகளையும் மேடையில் அநாயாசமாகப் பாடினார். அவர் லயச் சிங்கமாக இருந்ததால் ஃபுல் பெஞ்சை வைத்துக்கொண்டாரா, ஃபுல் பெஞ்ச் இருந்ததால் சிங்கமானாரா? இரண்டும் சேர்ந்துதான் நடந்தது என்பது என் கட்சி. லேத்தில் டூல் ஜாப்பைச் சீவுகிறது. ஜாப் டூலைத் தேய்க்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாறி, இன்னொரு பக்கம் அப்படியே இருப்பதை ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறீர்களா?

அந்தக் காற்று அடுத்த தலைமுறைக்கும் வீசியது. காஞ்சிபுரத்தில் 1919-ல் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறு வயதில் நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். பெண்கள் பல்லவி பாடக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் மேடையில் பல்லவி பாடிக் காட்டினார். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று இருந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு அவருக்கு வாசித்தார். பக்கவாத்தியம் பாடகரை மாற்றும் என்றால், பாடகர் பக்கவாத்தியக்காரரின் பழக்கத்தையே மாற்றுவதும் உண்டு!

கிடாரைச் செதுக்கிய நண்பர்கள்

அடுத்த கதை நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கென்றே நடந்த மாதிரி இருக்கும்.

ஜான் மெக்லாஃப்லின் என்று ஒரு ஆங்கிலேயர். 1970-களின் தொடக்கத்தில் மின்சார கிடாரில் இடி இடித்துக்கொண்டிருந்தவர். காது கிழியும் வேகம், காது கிழியும் சத்தம். அப்படிப்பட்டவர் கொஞ்ச வருஷத்தில் 'சக்தி' என்ற குழுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மின்சாரம் இல்லாத மரக் கிடாரை வாசிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் யார் யார்? வயலினில் எல். சங்கர், தபேலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் நம் விக்கு விநாயக்ராம். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. வயலினில் கட்டைகள் கிடையாது. சங்கரின் விரல் வழுக்கிக்கொண்டு போய் கமகத்தைக் கொட்டிவிடும். கிடாரிலோ கட்டை கட்டையாகத் தடுப்பு. படிக்கட்டில் ஏறுகிறவன் சறுக்குமரத்தில் போகிறவனோடு எப்படிச் சேர்ந்து போவது? அதற்குக் கருவியையே மாற்றினார். கட்டைகளுக்கு நடுவில் உள்ள மரத்தைக் குழிவாகச் சுரண்டி எடுத்தார்கள். இப்போது விரல் மரத்தில் முட்டாது. கம்பியை அழுத்தலாம், பக்கவாட்டில் இழுக்கலாம். வீணையில் நடக்கிற சங்கதி இதுதான். முதல் வருஷ பிசிக்ஸ் லேபில் சோனோமீட்டர் வைத்து ரெக்கார்டு எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும், அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. மதிப்பெண்ணுக்காக நாம் எழுதியதை அவர்கள் மேடையில் கமகமாக்கினார்கள்.

அதோடு விடவில்லை. முக்கியக் கம்பிகளுக்குக் கீழே குறுக்காக ஏழு துணைக் கம்பிகளையும் கட்டினார்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது தானாகக் கூட அதிரும். தம்புராவின் ரீங்காரம் கிடாருக்குள்ளேயே வந்துவிட்டது. சத்தத்தையும் குறைத்துக்கொண்டார், ஏனென்றால் பக்கத்தில் இருப்பது மண்பானை. இடி இடித்தால் பானையின் பேச்சு யாருக்குக் கேட்கும்?

இவ்வளவும் யாரால்? பக்கத்தில் உட்கார்ந்த மூன்று பேரால். உலகமே கொண்டாடிய கலைஞர், தோழர்களுக்காகத் தன் கிடாரைச் சுரண்டிக்கொண்டார். நாமோ ஒரு வரி கூட அச்சடிக்க யோசிக்கிறோம்.

"தலைவன் இல்லாமல் குழு ஏது?"

சில நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். "இளையராஜாவை எடுத்துக்கோ. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவரே நொட்டேஷன் எழுதிக் கொடுக்கிறார். வாசிக்கிறவங்க பார்த்து வாசிக்கிறாங்க. இதுல குழு எங்கே வந்துச்சு?"

நியாயமான கேள்விதான். எழுதியவர் அவர்தான், அதில் மறுப்பே இல்லை. 1976-ல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து அந்த மூளைக்கு ஈடு இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டுகளைக் கண்ணை மூடிக் கேளுங்கள். பின்னால் நடந்துகொண்டே வருகிற சசிதரனின் பேஸ் கிடார், சதானந்தத்தின் கிடார், விஜி மேனுவலின் கீபோர்டு, புருஷோத்தமனின் டிரம்ஸ், நெப்போலியனின் புல்லாங்குழல். இவர்கள் ஒரு நாள் கூலிக்கு வந்து போனவர்கள் இல்லை. வருஷக்கணக்கில் கூடவே இருந்தவர்கள். தினமும் வாசிப்பதைக் கேட்கிற ஒருவர் காகிதத்தில் எழுதும்போது, அவருடைய மனதில் அந்த விரல்கள் ஓடாதா என்ன? 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' வந்ததே, வி.எஸ். நரசிம்மனின் வயலின் இல்லாமல் அதை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

அமெரிக்காவில் டியூக் எலிங்டன் இதை வெளிப்படையாகவே செய்தார். 'டிரம்பெட்டுக்கு' என்று எழுதாமல், இந்த ஆளுக்கு என்று எழுதினார். கூட்டி வில்லியம்ஸ் என்ற டிரம்பெட்காரருக்காக 1940-ல் எழுதிய இசைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். ஹாரி கார்னி என்ற சாக்ஸபோன்காரர் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் எலிங்டனோடேயே இருந்தார். பெயர் போட்டதால் எலிங்டனின் புகழ் குறைந்ததா? ஒரு கடுகளவும் இல்லை.

தலைவன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேருக்கு வடம் வேண்டும், இழுக்கவும் கை வேண்டும். சாமி பெயரைச் சொல்லும்போது இழுத்தவன் வியர்வையையும் கொஞ்சம் நினைப்போம் என்கிறேன், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவன் கெடுக்கவும் முடியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பேடைத் தட்டித் தட்டிப் பாட்டையே முழுங்கிய நாள் எனக்கும் உண்டு. கெடுக்க முடியும் என்றால், ஆக்கவும் முடியும் என்றுதானே அர்த்தம்?

நானும் யோக்கியன் இல்லை

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் கதையை மறைத்தால் தப்பு. எங்கள் பேட்ச் ப்ராஜெக்ட், காலால் மிதித்து வேர்க்கடலை உரிக்கும் இயந்திரம். டிராயிங் போட்டது நான். முதல் சோதனையில் பருப்பெல்லாம் உடைந்து கொட்டியது. எங்கள் பேட்சில் விவசாயி வீட்டுப் பையன் ஒருவன். அதிகம் பேச மாட்டான். ஒரு பிடி கடலையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இடைவெளி பத்தலடா, நம்ம ஊர்க் கடலை தடிமன் வேற" என்றான். ஜல்லடையை இறக்கி வைத்தோம். முழுப் பருப்பாக விழுந்தது. ரிப்போர்ட்டில் முதல் பெயர் என்னுடையது. அந்த இடைவெளி யார் சொன்னது என்று எங்கேயும் எழுதவில்லை. வைவாவில் கேட்டபோதும் "கணக்குப் போட்டோம் சார்" என்றேன். அன்று நான்தான் அழைப்பிதழ் அடித்தவன். அவன்தான் 'மற்றும் குழுவினர்'.

நண்பா, இந்த மலரைப் படிக்கிறாய் என்று தெரியும். அந்த இடைவெளி உன்னுடையது.

கல்லில் எழுதியிருக்கிறது

திருப்புலிவனத்துக்காரன் என்பதால் ஒரு சின்னப் பெருமை. எங்களுக்குப் பக்கத்திலேயே உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டைக் குடவோலைக்காக எல்லோரும் பாராட்டுவோம். தேர்ந்தெடுத்து என்ன செய்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்தைப் பார்க்க தோட்ட வாரியம். ஏரிக்கு ஒரே ஒரு நாயகன் என்று எழுதவில்லை, வாரியம் என்று எழுதினார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது, இன்று நமக்குத் தெரியாதா?

பேரவை நண்பர்களிடம் என் கோரிக்கை பெரிதில்லை. இந்த ஆண்டு அழைப்பிதழில் ஐந்து பெயரையும், யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதோடு போடுங்கள். நாடகத்துக்கும் அப்படியே, திரை இழுக்கிற தம்பி உட்பட. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் யார் எதைச் செய்தார் என்று ஒரு பக்கம் ஒதுக்குவோம். கூடுதல் செலவு நான்கு வரி மை.

கீபோர்டு நண்பன் வருவானா என்று கேட்கிறீர்களா? பாடகன் போனில் கரோக்கி டிராக் போட்டு இரண்டு நாள் தனியாகப் பாடிப் பார்த்தான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அந்த டிராக் எனக்காக நிக்க மாட்டேங்குதுடா" என்றான். அன்று சாயங்காலமே இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். பாடகன்தான் பேசினான். "என் பேருக்கு மேலயே உன் பேரைப் போடச் சொல்றேன், வாடா" என்றான்.

அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்வரை நாள் இருக்கிறது. பதில் அவன் கையில் மட்டும் இல்லை, நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்,
திருப்புலிவனம்