உலாவிக்கு நற்சான்று அளிப்பவர் யார்?

குளத்தூர், பாறசாலை முதலிய எல்லையோர ஊர்களின் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் கையாளும் கணினியில் இயங்குவது பெரும்பாலும் லினக்ஸ். கேரள அரசின் 'கைட்' நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தன் பள்ளிகளுக்கென அமைத்துக்கொண்டது அது. மூல நிரலைத் திருத்தும் உரிமை இருந்தமையாலன்றோ இது கைகூடிற்று? அவ்வுரிமையையே ஐயத்துக்குரியதாக்கும் யோசனையொன்று 2023-இல் எழுந்தது.

கூகிள் பொறியாளர் சிலர் முன்வைத்த 'வலைச் சூழல் நேர்மை' என்னும் திட்டமே அது. இணையதளம் ஒன்றைத் திறக்க முற்பட்டதும் அத்தளம் நம் உலாவியிடம் சான்றுச்சீட்டுக் கேட்கும். நம் கணினியோ அதன் இயக்கமுறையோ மாற்றப்படாதது என மூன்றாமவர் ஒருவர் கையொப்பமிட்டுத் தருவதே அச்சீட்டு. உலாவியில் நாம் காணும் பூட்டு அடையாளம், தளம் தன்னை நமக்கு மெய்ப்பிப்பது, இதுவோ தலைகீழ். வாசகனே தன் கருவியைத் தளத்துக்கு மெய்ப்பிக்க வேண்டும். பள்ளி தானே திருத்திய லினக்ஸுக்குக் கையொப்பமிட எந்த வணிக நிறுவனம் முன்வரும்?

மனிதரைப் போல் நடிக்கும் நிரல்களையும் விளம்பர மோசடியையும் தடுப்பதே நோக்கம் என்றனர். நோக்கம் குறைகூறத்தக்கதன்று. சீட்டில்லாதோரைத் தளங்கள் ஒதுக்கிவிடாதிருக்க, வேண்டுமென்றே சில வேளைகளில் சீட்டை வழங்காது விடலாம் எனவும் ஆலோசித்தனர். ஒதுக்கப்படுவர் என்பதை அவர்களே உணர்ந்திருந்தனர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

மொசில்லா, பிரேவ், விவால்டி ஆகிய உலாவிகளைச் செய்வோர் எதிர்த்தனர். 2023 நவம்பரில் கூகிள் திட்டத்தைக் கைவிட்டது. ஆயினும் ஆபத்து நீங்கிற்று எனக் கொள்வதற்கில்லை. இதையொத்த சீட்டுமுறையை ஆப்பிள் 2022-லேயே தன் கருவிகளில் புகுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு செயலிகளிலோ கருவிச் சோதனை நடைமுறையாகிவிட்டது. இயக்கமுறையை மாற்றிய கைபேசியில் வங்கிச் செயலி திறக்க மறுப்பதைக் களப்பணியாளர் சிலர் கண்டிருக்கலாம். 1993-இல் செர்ன் ஆய்வுக்கூடம் வலையின் நிரலை யாவர்க்கும் பொதுவாக்கியபோது எவர் கணினிக்கும் சான்று கேட்கவில்லை.

ஆளைச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஆளைச் சோதிக்கலாம். கடவுச்சொல் அதற்குத்தான் உள்ளது. தேர்வுக்குக் கண்காணிப்பாளர் உளர். கருவியின் பிறப்பை விசாரிப்பதால் ஏமாற்றுவோன் பிறிதொரு நற்சான்றுக் கருவியை வாங்குவான். பழைய கணினியை வைத்திருக்கும் பள்ளியே வெளியே நிற்கும். மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை மத்திய அரசு 2010-இல் வெளியிட்டது. எந்த அரசுத் தளமும் வாசகரின் கருவிக்குச் சான்று கேட்கலாகாது என்னும் விதியொன்றை, எவரேனும் கேட்கத் தொடங்குமுன்பே, அதனோடு சேர்த்தல் வேண்டும்.