ரம்பத்திற்குக் குங்குமம், விரலுக்குத் தலைவிதியா?

காரைக்குடிப் பக்கத்து மர அறுவைப் பட்டறைகளில் ஆயுத பூசையன்று இயந்திரத்திற்குச் சந்தனமென்ன, குங்குமமென்ன, பூசணிக்காய்த் திருஷ்டியென்ன! இவ்வளவு உபசாரமும் செய்யும் முதலாளிமார்களை நாம் ஒன்று கேட்கின்றோம். அந்த ரம்பத்தின் மேல் இருக்கவேண்டிய தகட்டு மூடி எங்கே? வேலை தாமதமாகின்றதென்று அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு ரம்பத்திற்குப் பொட்டு வைத்தால், அது விரலுக்கும் மரத்திற்கும் வித்தியாசம் பார்க்குமா?

செட்டிநாட்டில் இதற்கு ஒரு தனி விசேஷமும் உண்டு. பர்மாத் தேக்கால் கட்டிய பெரிய வீடுகள் இடிபட்டு, அவற்றின் தூணும் உத்திரமும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் வருகின்றன. பழைய மரத்துக்குள் பழைய ஆணி புதைந்து கிடக்கும். சுழலும் ரம்பத்தின் பல் ஆணியில் மோதினால் கட்டை துள்ளும். அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பல்லின்மேல் சரியும். ஆணியைத் தேடிப் பிடுங்காமலும், தள்ளுவதற்கு ஒரு கோல் கொடுக்காமலும், வெறுங்கையால் தள்ளச் சொன்னதன் பலன் இது. இதில் சனீஸ்வரனுக்கு என்ன ஜோலி?

விரல் போனதும் "அவன் தலையெழுத்து" என்கிறார்கள். அப்படியானால் முதலாளி தன் லாரிக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டுவானேன்? பிரம்மா இரும்பில் எழுதுவதில்லை போலும்!

1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஜாதகம் கேட்கவில்லை. கட்டைவிரலுக்கு நூற்றுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கையின் நான்கு விரலுக்கு 50 என்று எண்ணி வைத்தது. அதன் கணக்குப்படி மாதம் 10,000 ரூபாய் வாங்கும் 25 வயது வாலிபனின் கட்டைவிரலுக்கு 3,90,438 ரூபாய். கொடுக்க மனமில்லாதவர்கள் நீட்டுவதோ ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு மாதச் சம்பளமும்!

2025 நவம்பர் 21 முதல் அச்சட்டம் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிற்று. நஷ்டஈட்டுக் கடமை போய்விடவில்லை. ஆனால் அதே நாளில், மின்சாரத்தால் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த அளவு 20 ஆக உயர்ந்தது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறை முன்பே அக்கணக்குக்கு வெளியே; இப்போது 15 பேர் பட்டறையும் வெளியே. யாருக்கு இந்தச் சலுகை? நஷ்டஈட்டுக்கு மட்டும் இந்தத் தலைக்கணக்கு இல்லை என்பதைத் தோழர்கள் மறக்கவேண்டாம்.

இன்னொரு பித்தலாட்டமும் உண்டு. "பாக்கி எதுவும் இல்லை" என்று ஒரு காகிதத்தில், விரல் போனவனிடமே மிஞ்சிய விரலால் கைநாட்டு வாங்கிக்கொள்வது. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்தக் காகிதமும் சட்டப்படி செல்லாது. காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று பயந்து வீட்டிலிருப்பவர்கள், நாளை காலையிலேயே நஷ்டஈட்டு அதிகாரிக்கு மனுப் போடட்டும்.