குடிலுக்குள் மருந்தடிக்கச் சொல்வது யார்?

துவரம்பருப்பில் வண்டு விழாமல் காப்பது எப்படி என்று மளிகைக் கடைக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செம்மண் கட்டிக் காயவைத்த துவரை, விளக்கெண்ணெய் தடவிய பருப்பு, அரிசி மூட்டைக்குள் நொச்சி இலை, வேப்பிலை என்று நம் தகப்பனார் காலத்திலேயே நமக்குத் தெரிந்த சங்கதிகள் இவை. பூச்சி வந்தபின் கொல்வதைவிட வராமல் தடுப்பது மலிவு என்பதைக் கிடங்கு வைத்திருக்கிற எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதே நாம், காய்கறிப் பெட்டியின் முன்னால் போய் நின்றதும் வேறு ஆளாகி விடுகிறோம். ஒரு காயில் நகம் பட்ட அளவுக்கு வடு இருந்தாலும் பெட்டியையே ஒதுக்கிவிட்டு, கண்ணாடிபோல் மின்னுகிற பெட்டிக்கு விலை ஏற்றிக் கேட்கிறோம்.

இன்று நம் உறுப்பினர்களில் பலர் மளிகையோடு காய்கறியும் வைத்து விற்கிறார்கள். குடைமிளகாய், சாலட் வெள்ளரி போன்ற பசுமைக்குடில் சரக்குகள் முன்பு ஓட்டல்காரர்கள் மட்டும் வாங்கியவை. இப்போது பிரைடு ரைஸ் செய்யாத வீடு இல்லை என்பதால் சிற்றூர்க் கடைகளிலும் கேட்கிறார்கள். அந்தச் சரக்கு எப்படி விளைகிறது என்று நேரில் பார்க்க நாம் சிலர் ஓசூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய் வந்தோம். ஒரு ஏக்கர் குடில். உள்ளே ஆள் உயரத்துக்குக் கயிறு கட்டி ஏற்றிய செடிகள். வாசலருகே மருந்து டப்பாக்கள் வரிசையாக இருந்தன. "வாரம் எத்தனை முறை அடிக்கிறீர்கள்?" என்று நம்மில் ஒருவர் சற்று அதிகாரமாகவே கேட்டுவிட்டார். அந்த விவசாயி கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க கேக்கற பளபளப்புக்குத்தாங்க அடிக்கறேன். வடு விழுந்த காயை நீங்க எடுத்துக்கறதா இருந்தா, இதுல பாதியை இன்னிக்கே நிறுத்திடறேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் இதைப் பற்றித்தான் பேச்சு.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். சட்டம் யாரைப் பிடிக்கும் என்பது மறு பக்கம். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தை நம்மில் பலர் லைசென்ஸ் பலகை அளவோடு நிறுத்திக்கொண்டோம். அதன் 18-வது பிரிவு, விவசாயிக்கும் பண்ணையளவில் விளைந்த பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. 'முதனிலை உணவு' என்பதற்கு அதே சட்டம் தரும் விளக்கம், விவசாயி அல்லாத ஒருவர் கையில் இருக்கும் விளைபொருள் என்பதாகும். அதாவது குடைமிளகாய் தோட்டத்தில் இருக்கும்வரை சட்டம் அதைத் தொடாது. நம் கடைத் தட்டில் ஏறியதும் அது சட்டப்படி உணவு. எச்ச நஞ்சு வரம்பும் அதற்கு உண்டு. மருந்து அடித்தவர் அவர், மாதிரி எடுக்கப்படுவது நம்மிடம். யாரிடமிருந்து வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு என்று 27-வது பிரிவு கூறுகிறது. பாதுகாப்பற்ற உணவு என்று தீர்ப்பானால் அபராதத்தோடு நிற்காது, சிறைவரை போகும். விடியற்காலையில் சந்தையில் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவரும் நம் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பார்க்கவும். 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் எச்ச நஞ்சு இருப்பதாகக் கேரளத்தில் பிரச்சினை எழுந்தபோது நம் தரப்பு மறுத்தது. மறுப்பதற்குக் கையில் ஆய்வு அறிக்கையும் கொள்முதல் ரசீதும் இருந்த வியாபாரி எத்தனை பேர்?

நிற்க. மருந்து இல்லாமல் குடிலில் விளைவிக்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். திறந்த வயலில் மழை அடித்துப் பூச்சியைக் கழுவும். பொறிவண்டும் குளவியும் தின்னும். குடிலுக்குள் மழையும் இல்லை, குளவியும் இல்லை. வெதுவெதுப்பான சூட்டில் இலைப்பேன் இரண்டு வாரத்தில் ஒரு தலைமுறை பெருகும். வெள்ளை ஈக்கு மூன்று வாரம். தலைமுறைக்குத் தலைமுறை மருந்தைத் தாங்கிப் பிழைத்தவையே மிஞ்சுவதால், போன வருடம் கேட்ட மருந்து இந்த வருடம் கேட்காது. ஆகவே குடிலில் மருந்தை மட்டும் நம்புகிறவர் ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகச் செலவழித்தே தீர வேண்டும்.

மாற்று வழிகளில் மாயம் ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் நெருக்கமான பூச்சிவலையும், ஒன்று மூடிய பின் மற்றொன்று திறக்கும்படி இரட்டைக் கதவும் முதல் தேவை. நாம் பார்த்த குடிலில் இரட்டைக் கதவு இருந்தது. ஆனால் வேலையாட்கள் வசதிக்காக இரண்டையும் கல் வைத்துத் திறந்தே போட்டிருந்தார்கள்! வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டை, இலைப்பேனுக்கு நீல அட்டை. அட்டையில் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று வாரா வாரம் எண்ணி எழுதினால், பூச்சி பெருகுமுன்பே தெரிந்துவிடும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் முரணைச் சிலந்தி. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் சிலந்திக்கு இலைப்பேன் மருந்தை அடித்துப் பணத்தைத் தொலைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆரம்பத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல். அதற்கு மேல் பிவேரியா, வெர்டிசீலியம் போன்ற பூசணங்கள் பூச்சியின் உடலில் முளைத்து அதைக் கொல்லும். வேர் அழுகலுக்கு டிரைக்கோடெர்மா விரிடியும் சூடோமோனாஸும் உண்டு. இவை உயிருள்ள சரக்கு. வெயிலில் வைத்தால் செத்துப்போகும், காலாவதித் தேதி தாண்டினால் வெறும் மாவு. மாலை வேளையில் அடிக்க வேண்டும். பூசணக்கொல்லி மருந்தோடு கலந்தால் காசு கரி. தேதி பார்த்து வாங்குவதும் நிழலில் அடுக்குவதும் நமக்கு அன்றாட வேலை. விவசாயிக்கு இது புதிது. பல இடங்களில் "உயிர் மருந்து வேலை செய்யவில்லை" என்ற புகாருக்குக் காரணம் இந்தச் சேமிப்புக் குறைதான் என்பது நமது எண்ணம்.

பூச்சியைப் பூச்சி தின்னும் என்பது நம் ஊரில் நிரூபணமான விஷயம். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது, எந்த மருந்தும் அதை நிறுத்தவில்லை. 2010-ல் போர்ட்டோரிகோவிலிருந்து முறைப்படி அனுமதி பெற்றுக் கொண்டுவந்து வளர்த்து விட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவிதான் அதை அடக்கியது. பசுமைக்குடிலில் இந்த முறை இன்னும் பழையது. 1926-ல் இங்கிலாந்தில் ஒரு தோட்டக்காரர், வெள்ளை ஈயின் குஞ்சுகள் சில கருத்துக் கிடப்பதைக் கண்டார். உள்ளே என்கார்சியா என்ற குளவி முட்டையிட்டிருந்தது. அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் அதைப் பெருக்கித் தோட்டங்களுக்குக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி. வந்ததும் குளவியை மறந்தார்கள். மருந்து தோற்க ஆரம்பித்த பிறகு மீண்டும் தேடிப் போனார்கள்.

நம் வியாபாரத்துக்கு மிக நெருக்கமான செய்தி ஸ்பெயினில் நடந்தது. அந்நாட்டின் தெற்கே அல்மேரியா பகுதியில் ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் பிளாஸ்டிக் குடில்கள். ஐரோப்பாவின் குளிர்காலக் காய்கறிக்கு அதுவே பெரிய மண்டி. 2006 கடைசியில் அங்கிருந்து வந்த குடைமிளகாயில் தடைசெய்யப்பட்ட ஐசோபென்பாஸ்-மெதில் என்ற மருந்து இருப்பதை ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அந்நாட்டுக் கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பினார்கள். பல ஆண்டுகளாக விஞ்ஞானிகள் சொல்லியும் ஒரு சிறு பகுதி விவசாயிகளே கடைப்பிடித்த இயற்கை முறை, அடுத்த ஓரிரண்டு பருவங்களில் குடைமிளகாய்ப் பரப்பின் பெரும்பகுதிக்குப் பரவியது. இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் தின்னும் ஒருவகைச் சிலந்திப்பேனைச் செடியில் விட்டார்கள். குடைமிளகாய்ப் பூவின் மகரந்தத்தைத் தின்றே அது உயிரோடிருக்கும். ஆகவே திருடன் வருமுன்பே காவல்காரனை நிறுத்தி வைக்க முடிந்தது. அதிகாரியின் உத்தரவைவிட, வாங்குகிற கடைக்காரரின் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு அங்கே அதிக வலிமை இருந்தது. நமக்கும் அந்த வலிமை உண்டு. இதுவரை அதைப் பளபளப்புக்காக மட்டும் செலவழித்து வந்திருக்கிறோம்.

ஆனால் "மருந்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வரத்து கூடிய நாளில் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் எந்த விவசாயியும் நம்மை நம்பமாட்டார். விலை விழுந்த வாரத்தில் நம் கடைகளில் சில, சொல்லி வைத்த வெள்ளரியையே எடுக்காமல் விட்டதும், அது குப்பைமேட்டுக்குப் போனதும் அந்தத் தோட்டத்தில் நமக்கு நேராகவே சொல்லப்பட்டது. பதில் சொல்ல முடியவில்லை.

கணக்காகப் பார்ப்போம். குடைமிளகாய் நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 30 டன் வரை எடுப்பவர்கள் உண்டு. அறுவடை 200 நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 150 கிலோ. தினம் 6 கிலோ விற்கும் 25 கடைகள் சேர்ந்தால் ஒரு ஏக்கர் குடிலை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். இதில் சிக்கல், செடி எல்லாம் ஒன்றாக நட்டால் ஒன்றாகக் காய்த்து ஒன்றாக ஓய்ந்துவிடும் என்பது. ஆகவே வருடம் முழுக்கச் சரக்கு வேண்டுமானால் இரண்டு குடில் வேண்டும். முதல் குடிலில் ஜூன் நடுவில் நாற்று நட்டால் ஆகஸ்ட் கடைசியில் பச்சைக்காய் வரும். மார்ச் வரை ஓடும். இரண்டாவதில் டிசம்பர் நடுவில் நட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஓடும். ஒன்று ஓயும்போது மற்றொன்று கை கொடுக்கும். நடுவே ஒரு மாதம் இரண்டும் காய்க்கும். அந்த உபரியை எடுக்க ஓட்டல்களிடம் நாம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

இந்த ஓய்வுக் காலத்தை வீண் என்று நினைத்து அதிலும் பயிர் வைக்கச் சொல்லி விவசாயியை நெருக்கக் கூடாது. முதல் குடில் ஓயும் ஏப்ரல், மே மாதங்களில் மண்ணை நனைத்து, நிறமற்ற பாலிதீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால், வெயில் சூட்டிலேயே மண்ணிலுள்ள நோய்க்கிருமியும் நூற்புழுவும் பெரும்பாலும் அடங்கும். செலவு தாளுக்கு மட்டும். இரண்டாவது குடில் ஓய்வது மழைக்காலத்தில் என்பதால் அங்கே இது நடக்காது. வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் இட்டு, செண்டுமல்லி போட வேண்டும். குடைமிளகாய்க்குப் பிறகு வெள்ளரி வைத்தால் மாற்றுப்பயிர் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். வேர்முடிச்சு நூற்புழு இரண்டுக்கும் பொது எதிரி. நிலம் மேலும் கெடும்.

நம் தரப்பில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வடு விழுந்த, ஆனால் கெடாத காயைப் பெட்டிக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு எடுப்பது. பெட்டியோடு அறுவடைத் தேதி, கடைசியாக அடித்த மருந்து, அடித்த தேதி மூன்றையும் எழுதிய சீட்டும் முறையான பில்லும் கேட்பது. தவிர்க்க முடியாமல் ரசாயன மருந்து அடித்திருந்தால், அதன் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே காய் பறித்ததாகச் சீட்டில் தெரிய வேண்டும். எச்ச நஞ்சுப் பரிசோதனைக் கட்டணம் தனியொரு கடைக்குப் பாரம். 25 பேர் பகிர்ந்தால் பாரமில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே அதற்கான ஆய்வுக்கூடம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இப்படி வாங்கிய காயை 'ஆர்கானிக்' என்று பலகை எழுதி விற்றுவிட வேண்டாம். 2017-ம் ஆண்டு விதிகளின்படி அதற்கு உரிய சான்றிதழ் வேண்டும். சான்றில்லாமல் எழுதினால், நல்ல சரக்கை வைத்துக்கொண்டே வழக்கில் மாட்டுவோம். மருந்து குறைத்து விளைந்தது, இன்ன தோட்டத்துக் காய், இன்ன தேதியில் பறித்தது என்று உள்ளதைச் சொன்னால் போதும். வடுவைக் காட்டிக் கேட்கும் அம்மாளுக்கு ஒரு காயை அறுத்து உள்ளே காட்டலாம். முதல் வாரம் இரண்டு கிலோ தங்கும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

ஜூன் நடவுக்கு மே முதல் வாரத்திலேயே குழித்தட்டில் விதை விழ வேண்டும். எந்தக் கடைக்குத் தினம் எத்தனை கிலோ, என்ன விலைக்குக் குறையாமல் என்று எழுதிக் கொடுத்தால்தான் விதை வாங்குவேன் என்று அந்த விவசாயி சொல்லியிருக்கிறார். விருப்பமுள்ள உறுப்பினர்கள் தங்கள் கடையின் உண்மையான விற்பனை அளவை எழுதி மார்ச் மாதத்துக்குள் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும். வீம்புக்கு அளவைக் கூட்டி எழுத வேண்டாம்.