சிலம்பக் கூடமும் மாணவர் கடமையும்

நமது சிலம்ப வித்தைக்குச் சமீப காலத்தில் சில கௌரவங்கள் கிட்டியிருக்கின்றன. 2024-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்றது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள 3 சதவீத இடங்களைப் பெறுதற்குரிய விளையாட்டுகளின் வரிசையிலும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. இவற்றைக் கண்டு மகிழாத தமிழர் எவரும் இரார். ஆயினும் நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். வித்தைக்குக் கௌரவம் வந்தது சரி. அவ்வித்தையைக் கற்பிக்கும் கூடத்திற்கு வந்தது என்ன?

இவ்வித்தை இன்றுவரை பிழைத்திருப்பது எவ்வாறு என்பதைச் சற்று ஆலோசித்தல் நலம். 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ஆம் வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பின் கும்பெனியார் பாளையங்களின் கோட்டைகளை இடித்து, ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தனர். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அந்தக் கட்டை மேலும் இறுக்கிற்று. வாளும் வேலும் மறைந்தன. உழவன் கையிலும் இடையன் கையிலும் இருந்த மூங்கிற் கம்பு மட்டும் மறையவில்லை. ஊர்ப்புறத்துத் திடல்களிலும் திருவிழாக்களிலும் அது சுழன்றுகொண்டே இருந்தது. பிழைப்புத் தேடி மலேயாவுக்குக் கப்பலேறிய தமிழர் அங்கும் அதைக் கொண்டு சென்றனர். இத்தனை காலமும் இவ்வித்தையைக் காத்தவர்கள் ஆசான்களும் அவர்களைச் சூழ நின்ற மாணாக்கர்களுமேயன்றி வேறு எவரும் அல்லர்.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. பல ஊர்களில் சிலம்பக் கூடம் என்பது ஒரு காலி மனையும், ஒரு கட்டுக் கம்புகளும், பகலெல்லாம் வேறு தொழில் செய்து மாலையில் கற்பிக்க வரும் ஓர் ஆசானுமேயாம். இக்கூடம் நிலைப்பதும் மூடப்படுவதும் மாணவர்களின் கையிலேயே இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். ஆதலின் அவர்களுக்குச் சில வார்த்தைகள் கூறுவோம்.

முதலாவது, ஆசானுக்குரிய மாதச் சம்பளத்தைக் கேட்கும்வரை வைத்திராமல் உரிய நாளில் செலுத்துங்கள். கற்பிப்பவர் வாய் திறந்து பாக்கி கேட்க நேர்வது மாணவர்க்கே இழுக்கு. வசதியுள்ள இருவர் சேர்ந்து வசதியற்ற ஒருவனின் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் கூடத்தில் ஒருவன் குறைய மாட்டான்.

இரண்டாவது, உடலுழைப்பு. வெறுங்காலுடன் ஆடும் வித்தைக்குக் கல்லும் முள்ளும் இல்லாத தரை வேண்டும். களத்தைப் பெருக்குவதும், நீர் தெளிப்பதும், கம்புகளுக்கு எண்ணெய் தடவி வெடிக்காமல் காப்பதும் மாணவர் வேலை. இதற்குக் கூலிக்கு ஆள் தேடுவது வெட்கக்கேடு.

மூன்றாவது, கற்றவன் கற்பித்தல். சிலம்பத்தில் கம்பு வீச்சுக்கு முன் காலடி பழக வேண்டும். புதிதாகச் சேர்ந்த முப்பது சிறுவர்களுக்குக் காலடி திருத்துவதிலேயே ஆசானின் மாலைப்பொழுது கழிந்துவிட்டால், நுட்பமான வரிசைகளை அவர் எப்பொழுது யாருக்குச் சொல்லிக் கொடுப்பார்? மூத்த மாணவர்கள் அந்தப் பாரத்தை ஏற்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே கூடத்தை மறப்பவன், கடனை வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போகிறவனுக்கு ஒப்பாவான்.

நான்காவது, பதிவு செய்தல். ஒவ்வோர் ஆசானின் பரம்பரைக்கும் தனித்தனி அடவுகளும் வரிசைகளும் உண்டு. அவற்றிற் பல எந்த ஏட்டிலும் இல்லை. அவர் உடம்பிலேயே இருக்கின்றன. அவர் மறையும் நாளில் அவையும் மறைந்துபோம். இன்று மாணவர் கையில் கைப்பேசி இருக்கிறது. ஆசானின் அனுமதி பெற்று, அவர் ஆடிக்காட்டுவதைப் படம் பிடித்து, வரிசையின் பெயரையும் முறையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கூடத்திலேயே வைத்துப் பாதுகாக்கட்டும். விளம்பரத்துக்காக அதை வெளியிட வேண்டாம்.

ஐந்தாவது, கூடத்தின் மானம். ஜாதிச் சண்டையிலோ, கட்சிச் சச்சரவிலோ ஒரு மாணவன் கம்பை ஓங்கினால் ஊர் முழுதும் கூடத்தைப் பழிக்கும். பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். களத்தின் வாயிலில் ஜாதியைக் கேட்கலாகாது. பெண்மக்கள் கற்க வந்தால் அவர்களுக்கு இடமும் மரியாதையும் தருவது ஆண்மக்களின் கடமை.

"இவையெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டியவை அல்லவா?" என்று சிலர் வினவக்கூடும். திடலும் விளக்கும் ஊராட்சியினர் தரவேண்டியவை என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் கேளாமல் எதுவும் கிடைப்பதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வயது வந்த மாணவர்களும் பெற்றோரும் திரளாகச் சென்று, கூடத்துக்கு இடம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டு வரட்டும். முப்பது பேர் நாள்தோறும் பழகும் கூடத்துக்காகக் கேட்கும் குரலை எந்தத் தலைவரும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆளில்லாத கூடத்துக்கு எவ்வளவு மானியம் தந்தும் பயனில்லை.

பரிசுக் கோப்பைகளை எண்ணி இவ்வித்தையின் நலத்தை அளக்க இயலாது. இன்று கற்பவர்களில் எத்தனை பேர் நாளை ஆசான்களாவார்கள் என்பதே அதற்குரிய அளவு. வருகிற விஜயதசமியன்று ஒவ்வொரு மாணவனும் புதிய மாணாக்கன் ஒருவனைத் தன் கூடத்தில் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆசானுக்கு அவன் செலுத்தக்கூடிய தக்ஷிணை அதனினும் மேலானது வேறில்லை.